பழைய ஜீப்பில் ஸ்டீயரிங் கனக்கிறதா? பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. இப்படிப்பட்ட மலைப்பாதைகளில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. பிரேக் பிடிக்காமல் போவது ஒன்று. வளைவில் பாதி ஒடித்த நிலையில் ஸ்டீயரிங் திடீரென்று கல்லாக இறுகுவது இன்னொன்று.

எப்படியோ சமாளித்துக் கீழே இறங்கி, வண்டியைப் பட்டறையில் விட்டதும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணே, ஸ்டீயரிங் ஒடிக்கவே முடியல. ரெண்டு கையும் வலிக்குது.”

“பம்ப் போயிருக்கும் தம்பி. மாத்திடலாம்.”

பம்ப் மாற்றப்படுகிறது. ஆயிரக்கணக்கில் செலவு. இரண்டு வாரம் நன்றாக இருக்கிறது. பிறகு பழையபடி அதே கனம், அதே சத்தம். புது பம்ப் டூப்ளிகேட் என்று திட்டுவதில் போய் முடிகிறது. பல நேரங்களில் குற்றம் புது பம்பில் இல்லை. பழைய பம்பைக் கெடுத்த காரணத்தை யாரும் தேடவில்லை, அதுவே புது பம்பையும் கெடுத்துவிடுகிறது.

ஸ்டீயரிங் கனத்தால் பம்பைச் சந்தேகிப்பது தவறில்லை. ஆனால், அது கடைசிச் சந்தேகமாக இருக்க வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளில் பலவற்றுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பம்ப் என்ன வேலை செய்கிறது?

எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்ப உதவும் முறை புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் கால ராணுவ வண்டிகளிலேயே இது இருந்தது. சாதாரண மக்கள் வாங்கும் காரில் முதன்முதலாக 1951-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தனது இம்பீரியல் காரில் கொடுத்தது. இப்போது வரும் பல கார்களில் மின்மோட்டார்தான் இந்த உதவியைச் செய்கிறது. ஆனால், நம் ஊரில் ஓடும் பழைய ஜீப்புகள், பழைய எஸ்யூவிகளில் பவர் ஸ்டீயரிங் இருந்தால், அது பெரும்பாலும் எண்ணெய் பம்ப் வகைதான். பவர் ஸ்டீயரிங்கே இல்லாமல் வந்த வண்டிகளில் பிற்பாடு பட்டறையில் பொருத்தியிருந்தாலும் இதே கதைதான்.

எஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட் வழியாக பம்பும் சுற்றும். பம்புக்குள்ளே ஒரு சிறு உருளை. அதன் விளிம்பில் வெட்டிய காடிகளில் மெல்லிய தகடுகள் செருகியிருக்கும். சுற்றும் வேகத்தில் தகடுகள் வெளியே தள்ளப்பட்டு, முட்டை வடிவ வளையத்தின் உள்சுவரை உரசிக்கொண்டே ஓடும். டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சுவதும், அழுத்தி வெளியே தள்ளுவதும் இந்தத் தகடுகள்தான். அந்த அழுத்தம் ஒரு தடித்த ஓஸ் வழியாக ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போகும். டிரைவர் எந்தப் பக்கம் ஒடிக்கிறாரோ அந்தப் பக்கம் ஆயில் தள்ளிக்கொடுக்கும். வேலை முடிந்த ஆயில் இன்னொரு ஓஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்பும்.

கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 30 பிஎஸ்ஐ. முழுசாக ஒடிக்கும்போது பம்ப் தரும் அழுத்தம் சாதாரணமாக 1,000 பிஎஸ்ஐ-யைத் தாண்டும். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் பம்புக்குத் தனியாக மசகு எண்ணெய் கிடையாது. அதற்குள் ஓடும் அதே ஆயில்தான் மசகும்கூட. அதனால் ஆயில் குறைந்தாலோ, அழுக்கானாலோ, காற்று கலந்தாலோ முதலில் தேய்வது பம்ப்தான்.

முதலில் டப்பாவைத் திறங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு பவர் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பெரும்பாலும் டப்பாவிலோ, மூடியில் உள்ள குச்சியிலோ குறியிட்டிருக்கும். சூடான நிலைக்கு ஒரு குறி, குளிர்ந்த நிலைக்கு ஒரு குறி என்று இரண்டு இருந்தால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அளவைவிட நிறம் அதிகம் சொல்லும். ஒரு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால், ஆயில் சூடாகிக் கெட்டிருக்கிறது. சோப்பு நுரை மாதிரி குமிழ்கள் இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. மோர் மாதிரி வெளுத்திருந்தால் காற்றாகவும் இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். தெளிந்துவிட்டால் காற்று. தெளியாமலே இருந்தால் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓடை, காட்டாறு தாண்டும் வண்டிகளில் டப்பா மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்குவது உண்டு. வெயிலில் துணியைப் பிடிக்கும்போது ஜிகினா போல மின்னினால், உள்ளே உலோகம் தேய்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் பம்ப் மீது சந்தேகம் வலுக்கிறது.

ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றிவிட்டுப் போய்விடக் கூடாது. இது மூடிய சுற்று. எஞ்சின் ஆயில் போலக் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து குறைவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். புல்லிக்குப் பின்னால் உள்ள ஷாஃப்ட் சீல், அழுத்த ஓஸின் இரும்பு முனைகள், டப்பா உட்காரும் இடத்தில் உள்ள ஓ-ரிங், ஸ்டீயரிங் பாக்ஸின் அடிப்பக்க சீல் ஆகிய நான்கும் வழக்கமாகக் கசியும் இடங்கள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, வேறொருவரை ஸ்டீயரிங்கை இருபுறமும் ஒடிக்கச் சொன்னால் ஈரம் எங்கே முதலில் வருகிறது என்று தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது ஓஸைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித்துளையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டையை அருகில் காட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு. சூடான சைலன்சர் குழாயில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். “எல்லாம் ஆயில்தானே” என்று கையில் கிடைத்ததை ஊற்றுவது. சில வண்டிகளுக்கு ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயில். சிலவற்றுக்குத் தனி பவர் ஸ்டீயரிங் ஆயில். எது என்று டப்பா மூடியிலோ வண்டிக் கையேட்டிலோ இருக்கும். பிரேக் ஆயிலை மட்டும் எந்தச் சூழலிலும் ஊற்றக் கூடாது. அது பம்ப், பாக்ஸ் இரண்டிலும் உள்ள ரப்பர் சீல்களை உப்பவைத்துக் கெடுத்துவிடும். அவசரத்துக்கு ஊற்றிய ஒரு பாட்டில் பிரேக் ஆயில், மொத்த ஸ்டீயரிங் சுற்றையும் கழற்றி வேலை பார்க்க வைத்துவிடும்.

அடுத்தது பெல்ட்

பம்ப் நன்றாகவே இருந்தாலும் அதைச் சுற்ற வைக்கும் பெல்ட் தளர்ந்திருந்தால் பயனில்லை. இரண்டு புல்லிகளுக்கு நடுவில் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். பழைய வி-பெல்ட் வண்டிகளில் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்குவது சாதாரணம். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். தொளதொளவென்று இருந்தால் இறுக்க வேண்டும். அதற்காகக் கம்பி போல இறுக்கிவிட்டால் பம்பின் பேரிங் சீக்கிரம் போய்விடும். உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்திருந்தாலோ, குறுக்கே வெடிப்பு விட்டிருந்தாலோ, பெல்ட்டில் ஆயில் பட்டு ஊறியிருந்தாலோ மாற்றிவிடுவது நல்லது.

சத்தத்தைப் பிரித்துப் பாருங்கள்

அனுபவமுள்ள மெக்கானிக் பாதி நோயைக் காதால் கண்டுபிடிப்பார். வண்டி வைத்திருப்பவரும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது வேகமாக ஒடிக்கும்போது மட்டும் ‘கீச்’ என்று கத்தினால் பெல்ட்.

எஞ்சின் ரேஸ் ஏற ஏற ‘ஊஊங்’ என்று முனகல் கூடினால் பெரும்பாலும் ஆயில் குறைவு, காற்று அல்லது உறிஞ்சும் பாதையில் அடைப்பு.

முழுசாக ஒடித்த இடத்தில் மட்டும் ‘உஸ்ஸ்’ என்று வந்தால் அது கோளாறே அல்ல. அழுத்தம் எல்லை தாண்டாமல் இருக்க உள்ளே உள்ள வால்வு திறக்கும் சத்தம் அது.

ஒடித்தாலும் ஒடிக்காவிட்டாலும் ‘கரகர’ என்று அரைத்தால் பம்பின் பேரிங்கோ தகடுகளோ தேய்ந்திருக்கலாம். ஆனால், அதே பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப் ஆகியவற்றிலிருந்தும் இதே சத்தம் வரும். பவர் பம்புக்குத் தனி பெல்ட் என்றால், அதைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சில நொடிகள் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பம்ப். தொடர்ந்தால் வேறு இடம்.

எப்போது கனக்கிறது?

பட்டறையில் “கனமா இருக்கு” என்று மட்டும் சொன்னால் போதாது. எப்போது கனக்கிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது கனமாக இருந்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் லேசாகிவிடுகிறதா? பெல்ட்டும் ஆயிலும் சரி என்றால், பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மெதுவாகச் சுற்றும்போது தேய்ந்த தகடுகளின் இடுக்கில் ஆயில் திரும்பி வழிந்துவிடும். வேகமாகச் சுற்றினால் வழிவதை மீறித் தள்ளும்.

ஒரு பக்கம் ஒடித்தால் மட்டும் கனக்கிறதா? அப்படியென்றால் பம்பைத் தொடவே வேண்டாம். பம்புக்கு இடது, வலது தெரியாது. ஆயிலைப் பக்கம் பிரித்து அனுப்புவது ஸ்டீயரிங் பாக்ஸில் உள்ள வால்வு. கோளாறு அங்கேதான் இருக்கும்.

விட்டு விட்டுக் கனக்கிறதா? ஒடிக்கும்போது ஓரிடத்தில் பிடித்து, பிறகு விடுகிறதா? பெல்ட் வழுக்கலாம், ஆயிலில் காற்று இருக்கலாம். ஸ்டீயரிங் தண்டில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் துருவேறி இருக்கலாம்.

எப்போதுமே கனமாக இருந்து, ஒடித்த பிறகு தானாக நேராகத் திரும்பவும் மறுக்கிறதா? கிங்பின், பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் கிரீஸ் காணாத கிங்பின் எவ்வளவு நல்ல பம்பையும் திணறடிக்கும்.

இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. எஞ்சின் அணைந்த நிலையில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்புங்கள். சக்கரம் தரையில் இல்லாததால் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். அப்போதும் இறுக்கமாக இருந்தால், பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்பிப் பாருங்கள். இப்போது லேசானால் கோளாறு அச்சுப் பக்கம். இன்னும் இறுக்கமென்றால் ஸ்டீயரிங் பாக்ஸ் அல்லது தண்டு.

இதற்கெல்லாம் முன்னால் டயரில் காற்று பாருங்கள். மணல், சேறு தாண்டக் காற்றைக் குறைத்துவிட்டு, தார்ச் சாலைக்கு வந்த பிறகு நிரப்ப மறந்தவர்கள் நிறைய பேர். அதோடு, கம்பெனி கொடுத்ததைவிட அகலமான டயர் போட்டிருந்தால் பம்புக்கு வேலை கூடுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

காற்றை வெளியேற்றுவது எப்படி?

எஞ்சினை அணைத்ததும் டப்பாவில் ஆயில் மட்டம் சட்டென்று மேலேறினால் உள்ளே காற்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலும் டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு ஓஸின் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது அந்த ரப்பர் ஓஸ் வெடித்திருக்கும். இந்த இடத்தில் பம்ப் இழுப்பதால் ஆயில் வெளியே சொட்டாமலே காற்று மட்டும் உள்ளே போகலாம். அதனால்தான் பலர் கண்ணில் இது படுவதில்லை. விலை குறைந்த அந்த ஓஸையும் கிளிப்பையும் மாற்றாமல் எத்தனை பம்ப் மாற்றினாலும் முனகல் போகாது.

ஓட்டையை அடைத்த பிறகு முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, டப்பாவில் ஆயிலை நிரப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டீயரிங்கை மெதுவாக இருபுறமும் சுமார் 20 தடவை திருப்ப வேண்டும். மட்டம் இறங்க இறங்க ஆயில் சேர்க்க வேண்டும். குமிழ் நின்ற பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்காமல் இன்னும் சில தடவை திருப்ப வேண்டும். கோடியில் 5 நொடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. ஆயில் வேகமாகச் சூடேறிவிடும். நுரை கிளம்பினால் எஞ்சினை அணைத்து, அடங்கும்வரை பொறுத்திருந்து மறுபடி செய்ய வேண்டும். அவசரப்பட்டால் காற்று ஆயிலோடு கலந்து நுரையாகிவிடும்.

தீர்ப்புச் சொல்லும் கேஜ்

இத்தனைக்குப் பிறகும் கனம் குறையவில்லை என்றால், பம்பா ஸ்டீயரிங் பாக்ஸா என்று முடிவு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில், மூடும் வால்வோடு கூடிய பிரஷர் கேஜ் ஒன்றைப் பொருத்துவார்கள். எஞ்சின் ஓடும்போது வால்வைச் சில நொடிகள் மட்டும் மூடினால், பம்ப் தன் முழு அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கையேட்டில் உள்ள அளவுக்கு வரவில்லை என்றால் பம்ப் அல்லது அதற்குள் உள்ள வால்வு. அழுத்தம் சரியாக வந்து, வால்வைத் திறந்து ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மட்டும் குறைந்தால் பாக்ஸுக்குள் ஆயில் ஒழுகுகிறது.

வால்வை 5 நொடிக்கு மேல் மூடி வைத்தால் நல்ல பம்பும் கெட்டுவிடும் என்பதால் இதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். சின்னப் பட்டறைகளில் இந்த கேஜ் இல்லாமல் இருக்கலாம். “கேஜ் போட்டுப் பாத்தீங்களாண்ணே?” என்று கேட்பதில் தவறில்லை. பம்ப் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

பம்ப்தான் என்று உறுதியானால்?

ஷாஃப்ட் சீலில் கசிவு மட்டும் என்றால் சீல் கிட் போட்டுச் சரிசெய்யலாம். உள்ளே வளையத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் சீல் கிட் காசு வீண். புது பம்போ, நன்றாகச் சரிசெய்த பம்போதான் வழி.

மாற்றும்போது மூன்று விஷயங்களைக் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். புல்லியைக் கழற்றவும் மாட்டவும் அதற்கான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் ஷாஃப்டும் பேரிங்கும் அடிவாங்கும். பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, திரும்பு ஓஸிலிருந்து தெளிவான ஆயில் வரும்வரை புது ஆயில் விட்டுக் கழுவ வேண்டும். டப்பாவுக்குள் உள்ள வலையையோ ஃபில்டரையோ சுத்தம் செய்ய வேண்டும், அல்லது டப்பாவை மாற்ற வேண்டும். பழைய பம்ப் உதிர்த்த உலோகத் தூள் அங்கேதான் தங்கியிருக்கும். அதை அப்படியே விட்டால் புது பம்ப் முதல் நாளே அந்தத் தூளைத்தான் குடிக்கும்.

மலைப்பாதையில் நடந்தால்?

பவர் போனாலும் இந்த வகை வண்டிகளில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்குமான இரும்பு இணைப்பு அப்படியே இருக்கும். வண்டி திரும்பும்; கைப்பலம் மட்டும் அதிகம் வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருந்தால் பதற்றம் குறையும். இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து, கீழ் கியரில் ஓரிடம் பார்த்து ஒதுக்க வேண்டும்.

கனத்ததோடு பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். இது கூடுதல் ஆபத்து. பல பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கும். பெல்ட் போனால் நாலைந்து தடவை மிதித்த பிறகு பிரேக்கும் கெட்டியாகிவிடும். அந்த நிலையில் இறக்கத்தில் தொடர்ந்து ஓட்டவே கூடாது.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வரும் பழக்கமும் இதே ஆபத்தைத்தான் கொண்டுவருகிறது. எஞ்சின் நின்றால் பவர் பம்பும் நிற்கும், வேக்குவமும் நிற்கும். சாவியை உருவிவிட்டால் பல வண்டிகளில் ஸ்டீயரிங் லாக்கும் விழும். கோளாறே இல்லாத வண்டியை, டிரைவரே கோளாறான வண்டியாக மாற்றிக்கொள்கிறார்.

ஆயில் முழுக்க வடிந்துவிட்டது, பம்புக்குத் தனி பெல்ட் என்றால் அந்தப் பெல்ட்டைக் கழற்றிவிடுவது பம்பைக் காப்பாற்றும். பிறகு சமதளச் சாலையில், ஆள் ஏற்றாமல், மெதுவாகப் பக்கத்துப் பட்டறை வரை போகலாம். வளைவுகள் நிறைந்த இறக்கம் பாக்கி இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி உதவிக்கு ஆள் கூப்பிடுவதுதான் சரி.

மலை ஏறும் முன் எஞ்சின் ஆயிலும் தண்ணீரும் பார்க்கும் பழக்கம் பெரும்பாலானவர்களுக்கு உண்டு. அதோடு பவர் ஆயில் டப்பாவையும், பெல்ட்டையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அடுத்த முறை பட்டறையில் “பம்ப் போச்சு” என்று சொன்னால், ஆயில் நிறம் என்ன, பெல்ட் எப்படி, கனம் எந்தப் பக்கம் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.